பண்டி வேட்டைக்கு எந்தத் துவக்கு?

இன்று மாலை, லண்டன் ஸ்ட்ரெதத்தில் நான் வழக்கமாகப் பால் வாங்கும் கடை.

எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரர் காட்டுப்பன்றி வேட்டைக்கு அமெரிக்கா போகிறாராம். சஞ்சிகையில் இரண்டு செமி ஓட்டோமற்றிக் துவக்குகளைக் காட்டி, எதை எடுப்பதென்று தெரியவில்லை என்றார்.

கல்லாவில் நின்ற அண்ணை யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஒரு படத்தில் விரலை வைத்து, உள்ளே மண் போனால் இது இறுகிவிடும், மற்றதை எடுங்கள் என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார்.

வெள்ளைக்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணை, ஊரிலை பண்டி வேட்டைக்குப் போனனீங்களோ?"

"சீச்சீ, நான் சுத்த சைவமெல்லோ" என்றபடி பாலைப் பையில் வைத்தார்.

சனிக்கிழமைகளில் என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் இவர்தான். வகுப்பை நிறுத்துகிறோம் என்று எனக்காக அவரிடம் சொல்ல, இந்த மின்னஞ்சல் குழுவில் யாராவது இருக்கிறீர்களா?