நடையில் ஒரு மடக்குப் பலகை

என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, வீட்டில் எதைப் பார்த்தாலும் அது அவரை எப்படி விழவைக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். மிதியடி, வாளி, நிலைப்படி, கீழே நழுவிய துண்டு. இந்த மனநிலையில் நான் இருந்தபோதுதான், வீட்டுக்கு வந்துபோகும் பிசியோதெரபிஸ்ட் பெண் அவருக்கு ஒரு மேஜை வேண்டும் என்றாள். வலது கை விரல்களுக்குப் பயிற்சி. கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். மடியில் தட்டை வைத்துக்கொண்டு செய்தால் தோள் தொங்கிவிடுகிறதாம்.

மேஜை போட இடம் ஏது? கரமனையில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ரயில் பெட்டி மாதிரி. முன்னறை, அதிலிருந்து ஒரு குறுகலான நடை, நடை முடிந்தால் சமையலறை, அதற்கும் பின்னால் குளியலறை. முன்னறையைக் கட்டிலும் பீரோவும் அடைத்துக்கொண்டிருந்தன. வெறுஞ்சுவர் என்று மிச்சம் இருந்தது நடையில் மட்டும்தான். அங்கே மேஜை போட்டால் அவருடைய வாக்கர் போகாது. வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது சுவரோடு மடக்கிவைக்கிற பலகை ஒன்றுதான் வழி.

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். மடக்கு பிராக்கெட்டுகளை ஜோடி ஜோடியாகக் கொண்டுவந்து கண்ணாடி மேல் பரப்பினார்.

“எதுக்கும்மா? பிள்ளையளு படிக்கவா?”

“மனுஷா சாஞ்சா தாங்கணும்.”

“சாயதுக்கு யாரும்மா பலகை வைப்பாவ?”

எழுந்திருக்கும்போது என் கணவர் கைக்குக் கிடைத்ததன் மேல் பாரத்தைப் போட்டுவிடுவார். ஜன்னல் கம்பி, டிவி ஸ்டாண்டு, ஒருமுறை என் தலை. அதைச் சொன்னேன். கடைக்காரர் மெலிசானதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, உள்ளே போய் வேறொரு ஜோடியை எடுத்து வந்தார். தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். ஆனாலும் கீலைப் பிடித்திருந்தது ஒரு சின்ன ஆணிதான். விரித்து மடக்கி, விரித்து மடக்கிப் பார்த்தேன்.

“இது உறுதியான சாதனம்மா. ரெண்டு லீவரையும் ஒண்ணா அமுக்குனாத்தான் மடங்கும். சும்மா மடங்காது.”

சும்மா மடங்காது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. அதையே வாங்கிக்கொண்டேன்.

பலகையைப் பொருத்த ஆசாரி வந்தார். டிரில்லை வைத்ததும் சுவரிலிருந்து சிவப்புத் தூள் பொலபொலவென்று கொட்டியது. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும். சுவரே பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று நான் நடுங்கிக்கொண்டிருக்கையில், அடுத்த வீட்டு மாமி ஓடி வந்தாள். நடையின் சுவர் எங்களுக்கும் அவளுக்கும் பொது.

“ஏண்டி, எங்காத்துப் பக்கம் ஓட்டை விழுந்துடாதோல்லியோ? ஸ்வாமி படமெல்லாம் ஆடறது.”

“பயப்படண்டா மாமி. சுவரு நல்ல தடியாக்கும்,” என்றார் ஆசாரி.

அவர் போன பிறகு பலகையை விரித்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்தேன். கிறீச் என்ற சத்தம்கூட இல்லை. கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், “உன்னையே தாங்கறது. இனி என்னாக்கும் பயம்?” என்றார்.

திங்கட்கிழமை என் லீவு முடிந்தது. காலையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பலகையை விரித்து, கடலையும் கிண்ணமும் பிளாஸ்க்கும் எடுத்துவைத்தேன். சாயும்போது நடுவில் சாய வேண்டும், ஓரத்தில் கூடாது என்று பாடம் நடத்தினேன். பஸ்ஸில் போகும்போதும் போல்ட்டுகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸில் பத்தரை மணி இருக்கும். பக்கத்து சீட்டுப் பெண் செக்ஷன் வாசலில் நின்று கூப்பிட்டாள். “சேச்சி, ரெண்டு கையிலும் சாயா. அந்தக் கதவொண்ணு தொறக்குமோ?”

எழுந்து கதவைத் திறந்தேன். திறந்த கை அப்படியே நின்றுவிட்டது. ரெண்டு லீவரையும் ஒண்ணா அமுக்கணும். அதற்கு இரண்டு கை வேண்டும். அவருடைய வலது கை வாக்கரைப் பிடிக்கும். விரலால் எதையும் அமுக்க வராது. பலகை விரிந்திருந்தால் வாக்கர் அந்தப் பக்கம் போகாது. குளியலறை அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மாமிக்குச் செய்தேன். அவளும் எடுக்கவில்லை. வாக்கரை விட்டுவிட்டு, பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து போகப் பார்த்திருப்பார். சமையலறைத் தரையில் காலையில் நான் தண்ணீர் சிந்தியிருந்தேனா, துடைத்தேனா? சாயா வாங்கி வந்தவளிடம் பாதி சொல்லியும் சொல்லாமலும் இறங்கி ஓடி ஆட்டோ பிடித்தேன். கரமனைப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. “அவசரமா?” என்று கேட்ட டிரைவரிடம் தலையை ஆட்டிவிட்டு மறுபடி போனை அழுத்தினேன்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. பலகை விரிந்தபடியே இருந்தது. கடலை பாதி தட்டில், பாதி கிண்ணத்தில். அவர் போன் கட்டிலில் கிடந்தது. நாற்காலியில் ஆள் இல்லை, வாக்கரும் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையை மடக்கக்கூட நிற்காமல் அதற்கு அடியில் தவழ்ந்து போனேன். சமையலறையில் இல்லை. குளியலறைக் கதவைத் தள்ளும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அங்கேயும் இல்லை.

நடையில் வந்து நின்றபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமல் கேட்டது. அவருடைய இருமல்.

மாமி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்ததும் மாமி எழுந்து வந்தாள்.

“பயப்படாதேடி. ஜன்னல்லேந்து கூப்பிட்டார். பாத்ரூமுக்கு வழி அடைஞ்சு போச்சு, உங்காத்துக்கு வரட்டுமான்னார். நான்தான் கையைப் பிடிச்சுண்டு அழைச்சுண்டு வந்தேன்.”

நிம்மதிக்குப் பதில் எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. “படி எப்படி இறங்கினேள்? விழுந்திருந்தா?”

“விழல்லியே.”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே!”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “முதல்ல மடக்கித்தான் பார்த்தேன். ஒரு லீவரை அமுக்கிண்டு இன்னொண்ணை முட்டியால தள்ளினேன். பல்லால கூடப் பார்த்தேன். முடியல்லே. நோக்கு போன் பண்ணி, பாத்ரூம் போகணும்னு ஆபீஸ்லேந்து வரச் சொல்லணுமா?”

மாமி எனக்கும் காப்பி கலக்கப் போனாள். போகிற போக்கில், “ஆஸ்பத்திரிலேந்து வந்தப்புறம் இன்னிக்குத்தான் வாசல் தாண்டியிருக்கார், கேட்டியோ,” என்றாள். அதுவரை நாங்கள் இரண்டு பேருமே அதை யோசிக்கவில்லை.

சாயங்காலம் ஆசாரியைக் கூப்பிட்டோம். இரண்டு லீவர்களையும் ஒரு கம்பியால் இணைத்து, நடுவில் வளையம் போட்டுத் தந்தார். ஒரு கையால் இழுத்தால் இரண்டும் ஒன்றாக விடும். இனி இதை அவர் தெரியாமல் இழுத்துவிட்டால்? சாய்ந்திருக்கும்போது வளையம் கையில் மாட்டினால்? ஆசாரியை நச்சரித்து வளையத்தைச் சுவரோரமாக உள்ளே தள்ளி மாட்டவைத்தேன். என் கணவர் இடது கையை நீட்டி இழுத்தார். பலகை படீரென்று மடங்கியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் மறுபடி விரிக்கச் சொன்னார், மறுபடி மடக்கினார்.

இப்போது ஆபீஸிலிருந்து நான் போன் செய்வது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. சாயங்காலங்களில் அவர் வாக்கரோடு தெருக்கோடி வரை நடக்கிறார். விழுந்தால் பிடிக்கலாம் என்று கையை நீட்டியபடி நான் பின்னாலேயே போவேன். நேற்று அவர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

“பின்னால வராதே. பக்கத்துல வா,” என்றார்.