அஸர் விளக்கு

எங்கள் வீட்டு வாஷிங் மிஷினுக்கு அரபி மட்டும்தான் தெரியும். சவூதியில் என் வீட்டுக்காரர் டிரைவராக இருந்த வீட்டில் புதிது வாங்கியபோது பழையதை இவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இவர் அதைத் துடைத்துக் கட்டி கார்கோவில் ஏற்றிவிட, முத்துப்பேட்டையில் எங்கள் கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தது. முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள், ஒவ்வொரு விளக்குக்கும் கீழே அரபியில் ஒரு சொல். விளக்கப் புத்தகம் கிடையாது.

"மொத பட்டனை மட்டும் அமுக்கு. மத்ததெல்லாம் நான் வந்து சொல்லித் தர்றேன்" என்று போனில் சொன்னார். அவர் போய் அப்போது இரண்டரை வருஷம் முடிந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு என்று சொல்லித்தான் போனார்.

அரபி எனக்குப் படிக்கத் தெரியும். ஓதப் போய்ப் பத்து வயதில் குர்ஆனை முடித்தவள் நான். ஆனால் ஓதத் தெரிவது வேறு, பொருள் தெரிவது வேறு. போதாக்குறைக்கு, நாங்கள் ஓதிய எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும் ஸபர், ஸேர் என்று உச்சரிப்புக் குறிகள் இருக்கும். மிஷினில் மொட்டையாக எழுத்து மட்டும் இருந்தது. மாமிக்கு, அதான் என் மாமியாருக்கு, அதுவே போதும். "அல்லாஹ்வோட எழுத்து இருக்குற பொட்டியில பாவாடையப் போடுறியா நீ?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பாவாடை, உள்பாடியெல்லாம் கல்லில், நைட்டியும் போர்வையும் மிஷினில் என்று பிரித்துக்கொண்டோம். மிஷின் வந்தும் என் முதுகு நிமிரவில்லை.

அந்த வரிசையில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். ஐன், ஸாத், ரே. கூட்டிப் படித்தால் அஸர். அஸர் என்றால் சாயங்காலத் தொழுகை. தொழுகை நேரத்தைக் காட்டுகிற விளக்கு போலிருக்கிறது, அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று நானும் மாமியும் பேசிக்கொண்டோம்.

ஒருநாள் துணியும் தண்ணீருமாக மிஷின் பாதியில் நின்றது. அஸர் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. கதவை இழுத்தால் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். "வக்து ஆயிடுச்சுல்ல, அதான் நிக்கிது. நாமளும் தொழுதுட்டு வருவோம்" என்றார் மாமி. நானும் நம்பினேன், என்னத்தைச் சொல்ல. தொழுதுவிட்டு வந்து பார்த்தோம். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகையும் ஆனது. மிஷின் அஸரை விட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் போன் பண்ணுவார். வாரத்துக்கு ஒரே போன்தான். அவர் அனுப்பிய கார்ட்லெஸ் போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, மிஷின் தொழுகைக்கு நின்ற கதையைச் சொன்னேன். சிரித்தார் பாருங்கள், அப்படிச் சிரித்தார். "அது தொழுகை இல்ல புள்ள. புழியுறது! ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான்." எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனாலும் அவர் சிரித்துக் கேட்டு மாதக்கணக்காகியிருந்ததால், நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் விடச் சொன்னார். கீழே இருக்கிற சின்ன மூடியைத் திருகித் தண்ணீரை வடிக்கச் சொன்னார். கதவு திறந்தது, துணி வந்தது. மறுபடி போட்டால் மறுபடியும் அஸரில் நின்றது.

அதற்குப்பின் வாரத்துக்கு ஒரு வைத்தியம். அங்கே ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு மலையாளியிடம் கேட்டுவந்து சொல்வார். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு என்பதால் முதலில் பைப் வாயிலுள்ள வலையைக் கழற்றித் தேய்த்தேன். அடுத்த வெள்ளிக்குப் பிறகு ஸ்டெபிலைசர் மாற்றினோம். அதற்கடுத்த வாரம் துணியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி வைத்து அவரிடம் ஒப்பித்தேன். கல்யாணமாகி அதுவரை நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. நல்லா இருக்கியா, உம்மா எப்படி இருக்காங்க, சாப்பிட்டியா என்பதோடு முடிந்துவிடுகிற போன், இப்போது அரை மணி நேரம் ஓடியது. மிஷின் கெட்டது ஒருவகையில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கடைசியில் திருத்துறைப்பூண்டியிலிருந்து மெக்கானிக் வந்தார். மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்த்தார், ஓடியது. தண்ணீர் வெளியேற்றும் பம்பும் ஓடியது. மேல் மூடியைக் கழற்றி உள்ளே இருந்த பச்சைப் போர்டை எடுத்துக் காட்டினார். கடுகளவு கருகியிருந்தது. "அக்கா, கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூளைதான் புழின்னு சொல்ல மாட்டேங்குது" என்றார். போர்டின் பின்னால் ஒட்டியிருந்த சீட்டை என் பக்கம் நீட்டினார். "நீங்கதான் அரபி படிப்பீங்களே, என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க." எழுத்து எழுத்தாகப் படித்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"இந்தப் போர்டு இங்க கெடைக்காதுக்கா. தூக்கிப் போட்டுட்டு சாதா டைமர் வச்சு ஓட்டிரலாம். ரெண்டு நாள் வேலைதான்."

வெள்ளிக்கிழமை அதைச் சொன்னேன். "வேணாம், வேணாம். அந்தப் போர்டு இங்க கெடைக்குது. பெருநாளைக்கு வருவேன்ல, நானே கையில கொண்டாரேன்" என்றார்.

டைமர் வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். மாமி திட்டினார். அவருக்கென்ன, கல்லில் அடிப்பவள் நான்தானே. என் கணக்கு வேறு. மிஷின் அப்படியே கிடந்தால் அதைச் சரிசெய்ய அவர் வந்துதான் ஆகவேண்டும். இங்கேயே சரியாகிவிட்டால், வருவதற்கு இருந்த ஒரு காரணமும் போய்விடும். பைத்தியக்கார யோசனைதான். ஆனால் என் கையில் அதைவிட்டால் வேறு என்ன இருந்தது? அவருடைய பாஸ்போர்ட்டோ அவருடைய கஃபீலின் பெட்டியில் இருந்தது. அந்த முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் இவர் விமானம் ஏற முடியும்.

நோன்புப் பெருநாள் போனது. முதலாளியின் பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஸ்கூலுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லையாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நிச்சயம் என்றார். நான் மிஷினைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, மதியம் அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர் வந்தார். அங்கே இவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், லீவில் வந்திருக்கிறார். கையில் பழைய சட்டையில் சுற்றிய சின்னப் பொட்டலம். அவர் வாயைத் திறக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"போர்டு கொடுத்து விட்டாரும்மா. பத்திரமாச் சேர்த்துடுங்கன்னாரு" என்று நீட்டினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்த வருஷம் கஃபீல் விடலை. அவரு உங்ககிட்ட சொல்லியிருப்பாரே" என்றார்.

"சொன்னாங்க" என்றேன். அடுப்படிக்குப் போய் டீ போடுகிற சாக்கில் அழுதேன்.

மெக்கானிக் வந்து ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டார். மிஷின் அஸரில் நிற்கவில்லை. தாழ்வாரமே அதிர, சுற்றிச் சுற்றிப் பிழிந்தது. மாமி அதன் தலையைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அதை உடைத்துப்போட வேண்டும்போல இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையும் போனோடு கொல்லையில்தான் நின்றேன். அவர் முதலில் போர்டைப் பற்றித்தான் கேட்டார். வராததைப் பற்றிப் பேச அவருக்கு வாய் எழவில்லை. கேட்க எனக்கும் எழவில்லை.

"மாட்டியாச்சா? இப்பப் புழியுதா?"

"இல்லைங்க" என்றேன். எப்படி வந்தது அந்தச் சொல் என்று எனக்கே தெரியாது. "மாட்டியும் நிக்கிதுங்க. அந்த மெக்கானிக்குக்கு ஒண்ணும் தெரியலை. நீங்க வந்து பார்த்தாத்தான் சரியாகும்."

மாமி அன்று காலையிலிருந்தே போர்வைகளைக் குவித்து வைத்திருந்தது என் நினைவில் இல்லை. முதல் பட்டனை மாமியே முன்னமே அமுக்கிவிட்டிருக்கிறார். எனக்குப் பின்னால் மிஷின் மெல்ல முனகி, வேகம் பிடித்து, தடதடவென்று பிழிய ஆரம்பித்தது. போனைக் கையால் பொத்தினேன். பொத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினேன். அது நிற்கிற மாதிரி இல்லை.

வாசலில் நின்று கையை எடுத்தபோதும் அந்தத் தடதடப்பு போன் வரைக்கும் கேட்டது.

"சரி புள்ள" என்றார். "வந்து பார்க்குறேன்."