குட்டி சப்பிய விரல்

பட்டிக்காரருக்கு வலது கை ஆள்காட்டி விரல்தான் பிழைப்பு. ஆட்டு மயிர் கத்தரிக்கிற பெரிய கத்தரியை அடக்கி ஆள்வது அதுதான். பார்த்து அந்த விரலிலேயே ஒரு பரு கிளம்பியது. மிளகளவில் இருந்தது, ஏன் எதற்கென்று யோசிப்பதற்குள் கோலிக்குண்டாகிவிட்டது. நடுவில் சிவப்பு, சுற்றிலும் வெள்ளை வளையம், அதற்கும் வெளியே மறுபடி சிவப்பு.

முதலில் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இவ்ளோ வேகமா வளர்றது நல்லதில்லங்க. புற்றா இருந்தா விரலையே எடுக்க வேண்டி வரும். பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க."

"நாலு ஆள் வேலைய ஒத்தையா செய்யறேன்னு பீத்திப்பீங்களே. இனிமே நாலு விரல்ல செய்ங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏதாவது குத்துச்சா, கடிச்சுதா?"

"ஒண்ணுமில்லம்மா. ஆடு வளர்க்கறேன், அவ்ளோதான்."

"காலைலருந்து கை என்னென்ன செய்யுதோ, அப்படியே செஞ்சு காட்டுங்க."

கூத்தாடுவது மாதிரி இருந்தது அவருக்கு. இருந்தாலும் தண்ணீர் மொண்டார், தழை போட்டார், மயிர் கத்தரித்தார். பிறகு, "தாயில்லாக் குட்டிக்குப் புட்டிப்பால்" என்று சொல்லி, குட்டியை இடது கக்கத்தில் இடுக்குவது போல் இடுக்கி, அதன் வாய்க்குள் விரலை விட்டார். விரலைச் சப்பத் தொடங்கினால்தான் பக்கத்தில் ரப்பர் காம்பை நுழைக்க முடியும்.

"நிறுத்துங்க."

விரல் அந்தரத்தில் நின்றது.

"அந்தக் குட்டிக்கு வாயில புண்ணு இருக்கா?"

"பொருக்கா இருக்கும்மா. முள்ளு கிழிச்சிருக்கும்னு விட்டுட்டேன்."

"முள்ளு இல்ல. அது ஆட்டுக்கு வர்ற தொத்து. உங்க விரலுக்கும் வந்துடுச்சு. லேசா சுரண்டி சோதனைக்கு அனுப்பறேன். எனக்குத் தெரிஞ்சு இது புற்று இல்ல, கத்தியும் வேணாம். தானா போயிடும்."

பட்டிக்காரர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அறையில் குட்டியும் இல்லை, புட்டியும் இல்லை. வெறுங்காற்றில் ஆட்டிய விரலிலிருந்து நோயைப் பிடித்துவிட்டாரே இந்த அம்மா.

"மருந்து?" என்றாள் மனைவி.

"மூடி வெச்சுட்டு சும்மா இருக்கணும். குட்டிக்குப் பால் குடுக்கறப்ப கையுறை போடணும்."

"சும்மா இருக்கறது இவருக்கு வராதே டாக்டர்."

சோதனை முடிவும் அதையே சொன்னது. பரு நீர் கோத்தது, கறுத்தது, காய்ந்தது. ஒருநாள் கை கழுவும்போது பொருக்கு உதிர்ந்துவிட்டது. அடியில், புதிதாய்ப் பிறந்த குழந்தையின் தோல் போல இளஞ்சிவப்பு. அவர் விரலை மடக்கினார், நீட்டினார்.

"யாரும் ஒண்ணும் செய்யலியேடி" என்றார் மெதுவாக.

அவள் கிட்டே வந்து பார்த்தாள். அந்த இளஞ்சிவப்பை ஒரு விரலால் மெல்லத் தொட்டாள்.