பன்றியிடம் வாங்கிய கண்

ரோபோவின் இடது கண் பட்டென்று வெடித்தது.

"அக்கா, என்னமோ கருகுது," என்றான் உள்ளே நின்றிருந்த கெங்.

வலது கண்ணும் வெடித்தது.

"அசையாத," என்றாள் யுக்தோ. திருப்புளியை எடுத்து ரோபோவின் தலையைக் கழற்றினாள். கெங்கின் வியர்த்த முகம் வெளியே வந்தது. இரண்டு பல்புகளும் கருகியிருந்தன. வெளிச்சம் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டுமே என்று பாட்டரி ஒன்று கூடுதலாகப் போட்டது அவள்தான்.

மணி பத்து இருபது. பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த பூஜை நேரம் பத்து நாற்பத்தெட்டு. பூஜை முடிந்த கையோடு முதல் ஷாட். அதில் ரோபோ சொதப்பினால் அதைக் குப்பையில் போட்டுவிட்டு ஜப்பானிலிருந்து வாடகைக்கு ஒன்றை வரவழைப்பேன் என்று தயாரிப்பாளர் ஃபுங் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

நகரின் ஆலைப் பகுதியான க்வுன் டோங்கில் பதினோரு மாடித் தொழிற்சாலைக் கட்டடம். அதன் மொட்டைமாடியில் செட். லிஃப்ட் ஓடவில்லை. கீழே பல்புக் கடைகள் பதினொன்றுக்குத்தான் திறக்கும்.

யுக்தோவுக்கு நாற்பத்தாறு வயது. பதினைந்தில் பிளாஸ்டிக் பூ செய்யும் ஆலையில் இதழ் செருகினாள். பூ விற்காமல் போனபோது சவுரி ஆலை. அதுவும் மூடியபோது பொம்மை ஆலை. பேய்ப் படம் ஒன்றுக்குத் தலைமுடி ஒட்ட ஆள் தேடி வந்தவர்கள் அவளை அழைத்துப்போனார்கள். அன்றிலிருந்து வெட்டுப்பட்ட தலை, வளையும் வாள், சர்க்கரைப் பாகில் ரத்தம். எதையும் யார் செய்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்காதவரை வேலை சரியாக இருக்கிறது என்று பொருள்.

எட்டாம் எண் என்ற இந்த ரோபோ மட்டும் வேறு. அதை வீட்டில் நிறுத்த இடமில்லாமல் கட்டிலை மடக்கி வைத்துவிட்டு மூன்று மாதம் தரையில் படுத்தாள். வயிறு, வொண்டன் கொழுக்கட்டைக் கடையின் பழைய சூப் பானை. தோள்கள் இரண்டும் ரைஸ் குக்கர். மார்பில் பொத்தான்களுக்குப் பதில் மாஜோங் காய்கள். படத்தின் கதை இதுதான்: உலகைப் பிடிக்க எதிர்காலத்திலிருந்து வரும் ரோபோ அரசுக் குடியிருப்பில் கதவு மாறித் தட்டுகிறது. உள்ளே மூன்று பெண்கள் மாஜோங் ஆட நாலாவது கை கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பூஜை மேஜையில் வறுத்த முழுப் பன்றி படுத்திருந்தது. கடைக்காரர் வழக்கம்போல் அதன் கண்குழிகளில் சிவப்பு பல்பு வைத்து அனுப்பியிருந்தார். யுக்தோ அந்தச் சிவப்பை மட்டும்தான் பார்த்தாள்.

கெங்குக்குப் புரிந்துவிட்டது. "வேணாங்க்கா. சாமி இன்னும் சாப்பிடல."

"கண்ணையா சாப்பிடப் போகுது?"

"உனக்கென்ன, வெளிய நிப்ப. ஷாக் அடிச்சா எனக்குல்ல அடிக்கும்."

"சரி, கேட்டுட்டே எடுக்கறேன்."

மேஜையில் குவான் சாமியின் படத்துக்கு முன் இரண்டு பிறைக் கட்டைகள் இருந்தன. போட்டால் ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழ வேண்டும், அது சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் கூடாது என்று அர்த்தம். இரண்டும் மல்லாக்க விழுந்தால் சாமி சிரிக்கிறது. மறுபடி கேட்க வேண்டும். யுக்தோ முணுமுணுத்துவிட்டுப் போட்டாள். இரண்டும் மல்லாக்க விழுந்தன.

"சிரிக்குது. திரும்பக் கேளு."

"நாம எடுக்கறது காமெடிப் படம்டா. சாமியே சிரிச்சிருச்சு. இன்னும் என்ன?"

மறுபடி கேட்டு இரண்டும் குப்புற விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதே அவள் பயம். பல்புகளை எடுத்துக்கொண்டு, தன் டீ குடுவையில் ஊறிக்கிடந்த இரண்டு சிவப்பு இலந்தைப் பழங்களைப் பன்றியின் கண்குழிகளில் வைத்து அழுத்தினாள். கூடுதல் பாட்டரியைக் கழற்றிவிட்டு, பல்புகளை ரோபோவுக்கு மாட்டினாள்.

பூஜை நடந்தது. எல்லாரும் ஊதுபத்தி பிடித்து நாலு திசையும் கும்பிட்டார்கள். கேமரா மேலிருந்த சிவப்புத் துணியை ஃபுங் விலக்கினார். முதல் ஷாட் ஓகே ஆன பிறகே பன்றியில் கத்தி வைப்பது அவர் பழக்கம்.

"ஆக்‌ஷன்," என்றார் இயக்குநர் யாவ்.

கதவு திறந்தது. எட்டாம் எண் வாசலில் நின்றது. கண்கள் கொடூரமாக எரிய வேண்டும். எரியவில்லை. இடது கண் அணைந்து எரிந்தது, பிறகு வலது, பிறகு இடது. பன்றிக் கடை பல்பு நின்று எரியாது, மின்னும். யுக்தோவுக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்காரியாக நடித்த சீ கையிலிருந்த காயைக் கீழே வைக்காமல் ரோபோவை ஏற இறங்கப் பார்த்தாள். வசனத்தில் இல்லாததைச் சொன்னாள்.

"கண்ணைக் காட்டி யாருக்குடா சிக்னல் குடுக்கற? என் வீட்ல கள்ளாட்டம் கிடையாது. வந்தது வந்துட்ட, உக்காரு."

குரல் எல்லாம் பிறகு சேர்ப்பதுதான். அதனால் யாரும் சிரிப்பை அடக்கவில்லை. கேமராக்காரர் குலுங்கினார். யாவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கட். ஓகே. கண்ணு இப்படியே இருக்கட்டும்," என்றார்.

ஃபுங் மட்டும் சிரிக்கவில்லை. கத்தியோடு பன்றியிடம் போனார். குனிந்து பார்த்தார்.

"இதோட கண்ணு எங்க?"

"என்கிட்ட இருக்கு முதலாளி," என்றது எட்டாம் எண்.

யுக்தோ முன்னால் வந்தாள். "நான்தான் எடுத்தேன். சாமிகிட்ட கேட்டுட்டு."

"சாமி என்ன சொல்லிச்சு?"

"சிரிச்சுது."

ஃபுங் கட்டைகளைக் கையில் எடுத்தார். உருட்டிப் பார்த்தார். போடாமல் இருந்த இடத்திலேயே வைத்தார்.

"சிரிச்சா சரி," என்றார். "ஜப்பான்காரனுக்கு வேணாம்னு சொல்லிடுங்க. ஆனா யுக்தோ, சாமி பொருள் அதுக்குள்ள இருக்கு. தினமும் அந்தத் தகரத்துக்கும் ஒரு ஊதுபத்தி வை."

மறுநாள் புதன்கிழமை. லிஃப்ட் ஓடியது. யுக்தோ ஏழரைக்கு வந்தாள். பன்றி வறுவல் கடையில் கேட்டு வாங்கிய நாலு பல்புகளைப் பெட்டியில் வைத்தாள். பால் டப்பாவில் மண் போட்டு ரோபோவின் காலடியில் ஊதுபத்தி குத்தினாள். ஐந்து ஷாட் எடுத்தார்கள். மதியம், மிஞ்சிய பன்றி எலும்பு போட்ட கஞ்சி. கெங் இரண்டு கிண்ணம் குடித்ததால் சூப் பானையை மாட்ட நேரமாயிற்று. நாலு மணிக்கு மழை. பேக்கப்.