பாலஃபோனை எந்தப் பக்கமாகச் சுற்றுவது

நடந்தது இதுதான்:

1. பிளசன்டனில் சனிக்கிழமை காலைகளில் நான் போகும் பாலஃபோன் வகுப்பில் எட்டுப் பேராவது சேராவிட்டால் அதை நிறுத்திவிடுவோம் என்று நகரப் பொழுதுபோக்குத் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

2. ஆறு மாதம் என்னோடு இருக்க வந்திருந்த அம்மாவிடம் சாப்பிடும்போது இதைச் சொன்னேன்.

3. அம்மா தன் வாக்கிங் கூட்டத்தில் சொன்னாள்.

4. அடுத்த சனிக்கிழமை அம்மாவும் நான்கு ஆன்ட்டிகளும் வந்து, பணம் கட்டிப் பெயர் பதிந்து, ஷூக்களைக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்தார்கள்.

5. அதற்கடுத்த வாரம், டீச்சர் பாலஃபோனைச் சுற்றி ஆடச் சொன்னதும், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தவறான திசையில் கிளம்பினார்கள்.

ஐந்தாவதை அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். தவறான திசையில் போனது நீங்கள்தான் என்பாள்.

பாலஃபோன் என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் மரச்சட்ட வாத்தியம். கட்டிலின் குறுக்குச் சட்டங்களைப் போல மரத்துண்டுகள் வரிசையாக இருக்கும். ரப்பர் சுற்றிய இரண்டு குச்சிகளால் தட்ட வேண்டும். அடியில் சுரைக்குடுக்கைகள் தொங்கும். குடுக்கைகளில் துளை போட்டு மெல்லிய சவ்வு ஒட்டியிருப்பார்கள். தட்டும்போதெல்லாம் அது வண்டு போல ரீங்கரிக்கும். நான் சிப் சோதிக்கும் வேலை பார்ப்பவள். முதல் நாள் அந்த ரீங்காரத்தைக் கேட்டுவிட்டு, ஏதோ லூசாகியிருக்கிறது, சரிபார்க்கட்டுமா என்று டீச்சரிடம் கேட்டேன். அது வேண்டாமென்றால் பியானோ வாங்கிக்கொள்ளலாமே என்றார்.

டீச்சர் புர்கினா ஃபாசோவைச் சேர்ந்தவர். வார நாட்களில் கால்நடை மருத்துவமனை ஒன்றில் வேலை. ஆன்ட்டிகளின் மகள்களைவிட வயதில் சிறியவர், ஆனாலும் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். வகுப்பில் அவர் வாசிக்க நாங்கள் சுற்றி ஆடுவோம்; எங்கள் கால்களைப் பார்த்துத்தான் அடுத்து என்ன வாசிப்பது என்று முடிவு செய்வார். கால்கள் இல்லையென்றால் பாதி வாக்கியத்தில் நிறுத்தியது போல இருக்கும் என்பார். அவருடைய அபார்ட்மென்டில் இரண்டு தட்டுத் தட்டினாலே கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பார். அதனால் அந்த வாத்தியம் முழுசாகச் சத்தம் போடக்கூடிய ஒரே இடம் அந்தச் சமூகக் கூடம்தான், அதுவும் எட்டுப் பேர் இருந்தால்தான்.

சேர்ந்த முதல் வாரமே அம்மா கைப்பையிலிருந்து சின்னக் குங்குமச் சிமிழை எடுத்தாள். நான் பார்த்துத் தடுப்பதற்குள் டீச்சரிடம் அனுமதி கேட்டுவிட்டாள். சட்டங்களில் வைத்தால் நாதம் மாறும், ஓரத்து மரத்தில் வைக்கலாம் என்று டீச்சர் இடம் காட்டினார். அம்மா பொட்டு வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான்கு ஆன்ட்டிகளும் வரிசையாக ஒற்றிக்கொண்டார்கள். டீச்சருக்கு மிகவும் பிடித்துவிட்டது; போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார்.

அந்தப் பொட்டுதான் இரண்டாவது வாரம் வேலையைக் காட்டியது.

"அம்மா, இந்தப் பக்கமா சுத்தணும். டீச்சர் காட்டினாங்கல்ல?"

"எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும்டீ. சாமி வலது கைப்பக்கமா இருக்கணும்."

"அது சாமி இல்லம்மா, இன்ஸ்ட்ருமென்ட்."

"பொட்டு வெச்சாச்சல்லோ கண்ணு," என்றார் கோயம்புத்தூர் ஆன்ட்டி. "அப்புறம் எப்படி வெறும் கட்டைன்னு சொல்றது?"

"இடது பக்கமா சுத்தறது வேற காரியத்துக்கு," என்று அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். இவர்கள் ஊரில் இறுதிச் சடங்கில்தான் அப்படிச் சுற்றுவார்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் முகம் மலர்ந்தது. எங்கள் ஊரில் சாவு வீட்டிலும் பாலஃபோன் வாசிப்போம், இதையும் அவர்களிடம் சொல்லு என்றார். நான் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

பேசாமல் திசையை மாற்றிவிடலாமே என்று கேட்டேன். டீச்சர் எதற்கும் சிரிப்பவர், அதற்குச் சிரிக்கவில்லை. அவருடைய ஆறு வயது மகளும் எங்களோடுதான் ஆடுகிறாள், கட்டணமில்லாத மாணவி. கோடையில் அவர்கள் ஊரில் ஒரு கல்யாணம். அங்கே முற்றம் நிறைய ஆட்கள் ஒரே பக்கமாகச் சுற்றிவருவார்கள். "இங்கே நான் திருப்பிச் சொல்லிக்கொடுத்தால், அங்கே இவள் என் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் மேலும் முட்டுவாள்," என்றார். அவர் இந்த வகுப்பை நடத்துவதே அந்தக் குழந்தை முட்டாமல் இருப்பதற்காகத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாவது வகுப்புக்குள் விலகினால் பணம் திரும்பக் கிடைக்கும். அம்மா, தான் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னாள். ஆன்ட்டிகள் அந்த வாரம் முழுக்க வாக்கிங்கில் ரீஃபண்ட் எப்படி அப்ளை பண்ணுவது என்று பேசிக்கொண்டார்கள். நான் லேப்டாப்பைத் திறந்து மூன்று தீர்வுகள் எழுதினேன்.

முதல் தீர்வு பொட்டை அழிப்பது. வீட்டிலேயே சொல்லிப் பார்த்தேன். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது, ஆன்ட்டிகள் வெளிவட்டத்தில் வலமாகவும் மற்றவர்கள் உள்வட்டத்தில் இடமாகவும் போவது. இதற்குப் படம்கூட வரைந்திருந்தேன். மூன்றாவது வாரம் செய்து பார்த்தோம். படத்தில் ஆன்ட்டிகளுக்கு முழங்கைகள் கிடையாது, கூடத்தில் இருந்தன. டீச்சர் எந்தக் கால்களைப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு தாளத்துக்கு நடுவில் தவித்தார். கோயம்புத்தூர் ஆன்ட்டி எதிரே வந்த என்னை இடித்துவிட்டு, "ஃப்ரீவேல ராங் சைடுல வந்தா இப்படித்தான் கண்ணு," என்றார்.

மூன்றாவது தீர்வை எடுக்க நான் லேப்டாப் பக்கம் போனபோது அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். நேரே டீச்சரிடம் போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உங்கள் ஊரில் இதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள்.

ஓரத்தில், மர நிழலில் என்றார் டீச்சர். ஆடுபவர்கள் அதற்கு முன்னால் வட்டமாகச் சுற்றுவார்கள்.

"அப்போ இங்க ஏன் நடுவுல வச்சிருக்காங்க? கேளுடீ."

கேட்டேன். வகுப்பு தொடங்கிய புதிதில் சுவரோரம்தான் வைத்திருந்தாராம். அடுத்த அறையில் சனிக்கிழமைகளில் சீட்டாடும் பெரியவர்கள், சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், வெயில் பட்டால் மரம் சுருதி மாறிவிடும். இரண்டு பக்கமும் ஆகாதென்று நடுவுக்குக் கொண்டுவந்தார். இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தன் மகள் வாத்தியம் நடுவில் இருந்துதான் பார்த்திருக்கிறாள் என்று மெதுவாகச் சொன்னார். திசையை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன் என்றார்.

பிறகு அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"தூக்குங்க, தூக்குங்க. அந்தச் சுவத்துக்கிட்ட."

"சீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்கம்மா."

"வரட்டும். சுவத்துக்கு ஒரு ஜாக்கெட் போட்டு வை."

ஜாக்கெட் என்றால் என்ன என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் யோகா வகுப்பின் பாய்கள் அடுக்கியிருந்தன. அவற்றைச் சுவரில் இரண்டடுக்காகச் சாய்த்து நிறுத்தினேன். பக்கத்து அறைக்குள் போய் போனில் ஒலி அளவைப் பார்த்தபோது, பாலஃபோனைவிடச் சீட்டாட்டக்காரர்கள் அதிகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மொத்த விவகாரத்திலும் என்னால் ஆன உதவி இதுதான்.

திரும்பி வந்தபோது கூடத்தின் நடுவில் வெறும் தரை. ஐந்து பேரும் இடப்பக்கமாகக் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

"இப்ப மட்டும் எப்படி ஒத்துக்கிட்டீங்க?"

"நடுவுல என்ன இருக்கு, சொல்லு? ஒண்ணும் இல்ல. கும்மிக்கு எந்தப் பக்கம் போனா என்ன?" அம்மா நின்று மூச்சு வாங்கினாள். "ஒரு வாரமா லேப்டாப்ப வச்சுக்கிட்டு என்னடீ பண்ணிட்டிருந்த?"

டீச்சரின் மகளுக்குத்தான் குழப்பம். நடுவில் எதுவும் இல்லை, எங்கே பார்ப்பது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். முன்னால் போகிறவர் காலைப் பார் என்றார் டீச்சர். அவளுக்கு முன்னால் போனது அம்மா. அம்மாவின் கால் தாளத்துக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் விழும்; குழந்தையின் காலும் அப்படியே விழுந்தது. டீச்சர் அதையும் வாசிப்புக்குள் எடுத்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் அம்மா பாலஃபோனுக்கு எதிரே போய் நின்றாள். சுவரோரம் இருப்பதைச் சுற்றிவர வழியில்லை. அதனால் கைகூப்பி, நின்ற இடத்திலேயே தன்னைத் தானே ஒருமுறை வலமாகச் சுற்றிக்கொண்டாள். ஆன்ட்டிகளும் சுற்றிக்கொண்டார்கள். அடுத்தடுத்த வாரங்களில் டீச்சரின் மகளும் சுற்ற ஆரம்பித்தாள். கல்யாணத்திலும் இவள் இப்படிச் சுற்றினால் என்ன செய்வீர்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "சுற்றட்டும்," என்றார். "நின்ற இடத்தில்தானே சுற்றுகிறாள். யார்மேலும் முட்ட மாட்டாள்."

இப்போதைய நிலவரம்: யாரும் ரீஃபண்ட் வாங்கவில்லை. வகுப்பு கோடைவரை நடக்கும். சீட்டாட்டக்காரர்கள் இதுவரை புகார் கொடுக்கவில்லை. பொட்டு ஓரத்து மரத்தில் இருக்கிறது. அம்மா அடுத்த மாதம் ஊருக்குப் போகிறாள். அதன்பிறகு நாங்கள் ஏழு பேர்.