ஒன்பதாம் கேள்வி

எங்கள் தேன்நிலவு விசாவுக்காக நடந்தது. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. அந்த யுத்த வருடங்களில் என்னைப் போல எத்தனையோ பெண்கள் கழுத்தில் தாலியும் கையில் அல்பமுமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை மூன்று கிழமை லீவில் வருவார், தாலி கட்டுவார், போய்விடுவார். இது உண்மைக் கலியாணமா, வெளிநாடு போவதற்குப் போட்ட வேஷமா என்று தூதரகம் சந்தேகப்படும். அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது பெண்ணின் பாடு.

எனக்கு வாய்த்தவர் கனடாக்காரர். சாதகம் பொருந்தி, படம் பார்த்து, கொமினிகேஷன் கடையில் ஆறேழு தரம் போனில் கதைத்ததுதான் பழக்கம். அங்கே பெரிய ஹோட்டலொன்றில் மனேஜர் என்று தரகர் சொல்லியிருந்தார். நான் தங்கியிருந்தது சின்னம்மாவின் ஃபிளட்டில். அவ அந்த மனேஜர் கதையை நாலு மாடிக்கும் சொல்லி முடித்து, மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போட வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தா.

கலியாணம் முடிந்த மூன்றாம் நாள், புடவைக் கடையொன்றுக்கு மேலே அறை வைத்து விசாப் படிவம் நிரப்புகிற ஒருவரிடம் போனோம். அவர் அல்பத்தைப் புரட்டிவிட்டு, "ஹனிமூன் படம் எங்க?" என்று கேட்டார். இல்லை என்றோம்.

"அது இல்லாமல் ஃபைல் குடுக்காதேங்கோ. நல்ல ஹோட்டல் ஒண்டில ரெண்டு நாள் நிண்டு, நாலைஞ்சு சீலை மாத்தி எடுங்கோ" என்று சொல்லி, நேர்முகத்தில் கேட்கக்கூடிய இருபது கேள்விகளையும் போட்டோகொப்பி எடுத்துத் தந்தார். என் மனுசன் உடனே, கடற்கரையோடு இருக்கிற பெரிய ஹோட்டலுக்கே போவோம் என்றார். மனேஜர் அல்லவா, வேறு எங்கே நிற்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹோட்டலுக்குப் போகிற வழியில், காலி றோட்டில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர் இறக்கிச் சோதித்தார்கள். என் சீலைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்கள். ஆனால் ஹோட்டல் கதவுக்குள் கால் வைத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போய் வருடக்கணக்காகியிருந்தது. ஜாம் போத்தலில் திரி போட்டுக் கணக்குப் படிப்பித்த ரீச்சர் நான். இங்கே சுவிட்ச்சைத் தட்டினால் ஐந்து லைட் எரிந்தது. குளிக்கிற தொட்டியில் சுடுதண்ணியை நிரப்பி, விரல் நுனி சுருங்கும் மட்டும் கிடந்தேன். குட்டிச் சவுக்காரங்களை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்தேன். பின்னேரம் பார்த்தால் புதிதாக வைத்திருந்தார்கள். அதையும் எடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் எந்த அறையிலும் இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. விசா கிடைக்குமா என்பதல்ல. இந்த மனுசன் எப்படிப்பட்டவர்? முன்பின் தெரியாத ஒருவரை நம்பி உலகத்தின் மற்றத் தொங்கலுக்குப் போகப் போகிறேன். அவரை அறிந்துகொள்ள எனக்குக் கிடைத்தது இந்த இரண்டு நாள்தான்.

அவரோ பல்கனியில் கதிரை போட்டு என்னைப் பாடம் கேட்டார்.

"தேத்தண்ணிக்கு எத்தினை சீனி?"

"ஒண்டரைக் கரண்டி."

"கட்டிலில எந்தப் பக்கம்?"

"சுவர்ப் பக்கம். இஞ்சருங்கோ, இதென்ன சோதினையே?"

"சோதினைதான். ஒரு சொல்லும் பிசகக் கூடாது."

எட்டுக் கேள்வி முடிந்து ஒன்பதுக்கு வந்தோம். கணவரின் வேலை என்ன, ஒரு நாள் வேலையை விபரித்துச் சொல்லவும். அவர் கடதாசியை மடித்தார். "அது பிறகு சொல்லித் தாறன்." பத்துக்குப் போனார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாலும் ஒன்பதைத் தாண்டித்தான் போனார். மனேஜர் வேலையென்றால் நாலு சொல்லில் அடங்காதாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை முழுக்கப் படம். மஞ்சள் சீலையில் ஒன்று, பச்சைச் சீலையில் ஒன்று. நாலாவது சீலையோடு பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் கப்பலும் தெரிந்தால் வடிவாயிருக்கும் என்று இவர் கமராவைத் துறைமுகப் பக்கம் திருப்பினார்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுப்பட்டது. சிவில் உடுப்பில் ஒரு அதிகாரியும், ஹோட்டல் காவலாளியும், வேலை செய்கிற பெண்ணொருத்தியும் நின்றார்கள். துறைமுகத்தைப் படம் எடுக்கக் கூடாதென்பது அந்த நாளில் கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். கலியாணக் களையில் எங்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று. அதிகாரி கமராவைத் திறந்து ஃபிலிமை முழுக்க வெளியே இழுத்தார். நாலு சீலையும் வெளிச்சத்தில் போய்விட்டன. பிறகு இவரைக் கொரிடோரில் நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு, என்னை அறைக்குள் விசாரித்தார்.

மட்டக்களப்பில் வேலை செய்து பிடித்த தமிழ் அவருடையது. கலியாணம் எப்ப, எங்க, மாத்தயாவுக்கு, அதாவது என் மனுசனுக்கு, எத்தனை சகோதரம், என்ன சாப்பிட விருப்பம் என்று கேட்டார். எல்லாம் பட்டியலில் இருந்தவை. கடகடவென்று ஒப்புவித்தேன். வெளியே போய் இவரைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே சொல், ஒரே மாதிரி. பாடம் பண்ணினதா? வீட்டில என்னோட நோனாகிட்ட கேட்டா, நான் சொல்ற ஒண்டும் சொல்ல மாட்டா."

ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால் எப்போது விடுவார்களோ தெரியாது. இவருடைய லீவு முடிய ஒரு கிழமைதான் இருந்தது.

"மாத்தயா என்ன வேலை?"

"மனேஜர். பெரிய ஹோட்டல்ல."

அவர் வெளியே போனார். வரும்போது இவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். "இப்ப சொன்னத இங்க சொல்லுங்க" என்றார்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. விரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஹோட்டல் குசினியில சட்டி பானை கழுவுறனான்."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கிவிட்டார். "இது பாடம் பண்ணினது இல்ல. இது நெசம் கலியாணம்தான்." பாஸ்போர்ட்டையும், கொழும்பில் தங்குவதற்கு நான் எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் தந்து, துறைமுகப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணியில்லாத தொட்டிக்குள் சீலையோடு இருந்து அழுதேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் கட்டலாமாம். கேட்கிற காதுக்குச் சுகமான பழமொழி. ஆயிரத்தில் ஒன்று நம் தலையில் விழும்போதுதான் வலி தெரியும்.

இவர் கதவைத் தட்டவில்லை. வெளியே நிலத்தில் குந்தியிருந்து கதவோடு கதைத்தார். தரகரிடம் தான் ஹோட்டல் வேலை என்று மட்டும்தான் சொன்னதாம். மனேஜர் ஆக்கியது தரகர். மறுத்துச் சொல்லாமல் விட்டது தன்னுடைய பிழையாம். "ஃபைலில உண்மைதான் கிடக்குது. உமக்குச் சொல்லத்தான் இவ்வளவு காசு குடுத்து இஞ்ச கூட்டியந்தனான். ரெண்டு நாளா வாய் வரேல்ல."

"வேற என்ன பொய்?" என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"தலைமயிருக்கு மை பூசுறனான்."

அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆயிரத்தில் எங்கள் பக்கத்துப் பொய்யும் ஒன்று இருந்தது. சொல்லத்தானே வேண்டும்? "நான் நல்லாச் சமைப்பன் எண்டு சின்னம்மா சொன்னவா. எனக்குச் சோறும் வடிக்கத் தெரியாது."

"அது பரவாயில்லை. நான் சமைப்பன். மரக்கறி வெட்டவும் விடுகினம் இப்ப."

கதவைத் திறந்தேன். அன்றைக்குப் பின்னேரம் பட்டியல் எதுவும் இல்லாமல் கதைத்தோம். அடிப்பிடித்த பெரிய சட்டிக்குள் இடுப்பு மட்டும் குனிந்து தேய்ப்பதை நடித்துக் காட்டினார். குளிருக்குக் கை வெடிப்பதைச் சொன்னார். ஊருக்குக் காசு அனுப்பிவிட்டு மிச்சத்தில் இந்த இரண்டு நாளைச் சேர்த்த கதையும் சொன்னார். நான் பயந்த மாதிரியான மனுசன் இல்லை இவர் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. கீழே கடையில் புது ஃபிலிம் வாங்கி, கமராவைத் துறைமுகப் பக்கம் திருப்பாமல் படமும் எடுத்தோம். பின்னாளில் தூதரகத்தில் ஒன்பதாம் கேள்விக்கு உண்மையைத்தான் சொன்னேன். விசா கிடைத்தது.

ஆனால் அதற்கு முதல் சின்னம்மாவைத் தாண்ட வேண்டியிருந்தது. ஹோட்டலை விட்டு வந்து ஃபிளட்டுக்குள் நுழைந்தபோது பக்கத்து வீட்டு அன்ரிமார் இரண்டு பேரோடு தயாராக இருந்தா.

"எப்பிடித் தம்பி ஹோட்டல்? உங்களுக்கு இதெல்லாம் பழகினதுதானே. அங்க உங்களுக்குக் கீழ எத்தினை பேர் வேலை செய்யினம்?"

இவர் பெட்டியைக் கீழே வைத்தார். உண்மையைச் சொல்லப் போகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"கனபேர் சின்னம்மா" என்றேன். "அவருக்கே எண்ணித் தெரியாது."