பிரிக்காத பக்கம்

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் அவரை "டிக் சார்" என்றுதான் கூப்பிடுவோம், அவர் முகத்துக்கு நேராகவே. கோபித்துக்கொள்ள மாட்டார், சிரிக்கவும் மாட்டார். முப்பது வருடமாக அவருக்கு ஒரே வேலை. நாங்கள் அட்டையில் எழுதித் தரும் சொல்லின் மூலத்தைப் பெரிய லத்தீன் அகராதியில் தன் கண்ணால் பார்த்துவிட்டு, ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போடுவார். கண்ணால் பார்க்காமல் டிக் கிடையாது என்பது அலுவலகச் சட்டம். பார்த்தாரா என்று பார்க்கத்தான் ஆள் கிடையாது.

மனைவி இறந்த மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். சாயந்திரம் வரை அப்படியே இருந்தது. அவர் வராத அந்த ஒரு வாரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து டிக் போட்டவள் நான். வேலையில் சேர்ந்து அப்போது ஆறு மாதம்.

அடுத்த வருடம் புதுத் தலைமை ஆசிரியர் வந்தார். பெரிய எழுத்துக்குக்கூடப் பூதக்கண்ணாடி கேட்கிற ஆள். அச்சுக்குப் போகுமுன் சில அட்டைகளை உருவிப் பார்த்ததில் 'இன்டெக்ரிட்டி' கையில் சிக்கியது. நேர்மை என்று பொருள். மூலம் 'இன்டெகெர்' என்ற லத்தீன் சொல், அதாவது தொடப்படாதது, குறைவுபடாமல் முழுதாய் இருப்பது. எல்லாம் சரி. பக்கத்தில் சிவப்பு டிக்.

அந்தச் சொல் இருக்கும் லத்தீன் அகராதிப் பாகம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அந்தக் காலத்து வழக்கப்படி தாள்களின் ஓரம் ஒட்டியபடியே இருக்கும். கத்தி வைத்துக் கிழித்தால்தான் படிக்க முடியும். ஆசிரியர் புரட்டினார். 'இன்டெகெர்' இருக்கும் தாள் பிரிக்கப்படவே இல்லை.

அட்டையில் மாதம் மட்டும்தான் இருந்தது. நான் டிக் போட்ட அதே மாதம்.

"அவர் இப்படிப் பண்ணமாட்டார். அப்ப நீங்கதான்," என்றார் என்னிடம். "நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

நான் போட்ட டிக் எல்லாம் பார்த்துப் போட்டதுதான். ஆனால் டிக் சாரை விட்டுவிட்டு என்னை யார் நம்பப் போகிறார்கள்? சத்தியமாகச் சொல்கிறேன், அவர் பேசாமல் இருந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஓய்வுபெற இன்னும் இரண்டு மாதம். வாயைத் திறந்தால் முப்பது வருடப் பேர் போச்சு.

அவர் எழுந்து வந்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் எழுவாரே, அப்படித்தான்.

"அது என் டிக்குங்க. அந்தப் பொண்ணு புத்தகத்தைத் தொறக்காம போட்டதே இல்ல. நான்தான் தொறக்கல."

"நீங்களா? ஏன் சார்?"

"தெரியல. அந்த மாசம் எதைத் தொட்டாலும் தொட்ட மாதிரியே இல்ல. கை பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருந்துச்சு."

ஆசிரியருக்கே சங்கடமாகிவிட்டது. "சரி விடுங்க. எழுதினது சரியாத்தானே இருக்கு."

"சரியா இருக்குறது வேற. நான் பாத்தேன்னு சொன்னது வேற," என்றார். "இது ஒண்ணு இல்லீங்க. இருநூத்துப் பதினேழு இருக்கு."

எண்ணி வைத்திருக்கிறார் மனுஷன். ஒரு வருடமாக.

கடைசி இரண்டு மாதமும் அந்த அட்டைகளைத்தான் பார்த்தார். புத்தகத்தில் ஒட்டிய தாள்களைக் கத்தியால் பிரித்துக் கொடுப்பது என் வேலை. முதல் அட்டை அந்தச் சொல்தான். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பழைய டிக்கை அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். அப்புறம் பென்சிலைக் கீழே வைக்காமலே என்னிடம் கேட்டார்:

"அவ போயி ஒரு வருஷம் ஆச்சும்மா. இன்னும் எனக்கு அழுகை வரல. வரணும் இல்ல?"

நான் அடுத்த தாளின் ஓரத்தைக் கத்தியால் கிழித்து, புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அடுத்த அட்டையை எடுத்தார்.